தனித்தனியே பாதுகாப்பானவை: வாண்டில் ஆறும் ஹார்மோனைக் கெடுக்கும் மாசுகளும்

குரோய்டன், கார்ஷால்டன் பகுதிகளின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் வாண்டில் ஆறு, விம்பிள்டனின் கிழக்கு ஓரமாக ஓடி வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் கலக்கிறது. 1960களில் சாக்கடை என்று கைவிடப்பட்ட ஆறு இது. இன்று அதில் டிரவுட் மீன் மீண்டும் வாழ்கிறது. ஆனால் கீழ்ப்பகுதியில் ஓடும் நீரில் கணிசமான பங்கு, பெடிங்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவது. 2007 செப்டம்பரில் அந்த நிலையத்திலிருந்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஆற்றில் இறங்கியபோது ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வழக்கு நடந்தது, அபராதமும் விதிக்கப்பட்டது. கொல்லும் நஞ்சைச் சட்டம் அடையாளம் கண்டுகொள்கிறது. கொல்லாமல், பிறப்புறுப்பின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத் திறனையும் மட்டும் குலைக்கும் வேதிப்பொருட்களிடம் அதே சட்டம் தடுமாறுகிறது. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கும் முறையே இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1970களின் கடைசியில் தென் இங்கிலாந்தின் கழிவுநீர்க் குட்டைகளில் பிடிபட்ட ரோச் மீன்களில் சில ஒரே சமயத்தில் ஆணாகவும் பெண்ணாகவும் இருந்தன. பிரூனல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டரும் அவரோடு பணியாற்றியவர்களும், கழிவுநீர் வெளிவரும் இடங்களில் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்துச் சோதித்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பார்த்தது வைட்டலோஜெனின் என்ற புரதத்தை. முட்டையின் மஞ்சள் கருவுக்காகப் பெண் மீனின் கல்லீரல் சுரப்பது அது. ஆண் மீனிடமும் அதற்கான மரபணு உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல் இல்லாததால் அது வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். கூண்டிலிருந்த ஆண் மீன்களின் இரத்தத்தில் அந்தப் புரதம் ஏராளமாக இருந்தது. 1998இல் சூசன் ஜோப்ளிங் குழு ஆறுகளில் இயல்பாக வாழும் ரோச் மீன்களை ஆராய்ந்தது. பாதிக்கப்பட்ட ஆண் மீனின் விந்தகத்தின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், நெருக்கமாக அடுக்கிய விந்தணுக்களுக்கு நடுவே முட்டைச் செல்கள் உருண்டையாகத் தனித்துத் தெரியும். அதே ஆண்டு கழிவுநீரைக் கூறு கூறாகப் பிரித்துச் சோதித்ததில், மனிதர் கழிக்கும் இயற்கை ஈஸ்ட்ரோஜன்களும் கருத்தடை மாத்திரையில் உள்ள எதினில் ஈஸ்ட்ரடையாலும் அகப்பட்டன. வடக்கே ஏர் ஆற்றிலோ, கம்பளித் தொழில் பயன்படுத்திய நோனைல்ஃபீனால் வகைகளே முக்கியக் காரணம். கனடாவின் ஓர் ஏரியில் 2001 முதல் மூன்று ஆண்டுகள், லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் மாத்திரை ஈஸ்ட்ரோஜனைக் கலந்து பார்த்தார்கள். ஃபேட்ஹெட் மினோ என்ற சிறுமீன் இனம் அங்கே அழிவின் விளிம்புக்கே போய்விட்டது.

இதற்கு மறுப்பு உண்டு. 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, கழிவுநீர் மிகுந்த ஆங்கில ஆறுகளிலும் ரோச் கூட்டங்கள் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு நிலைப்பதாகக் காட்டியது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இனம் அழியவில்லை என்பதால் தனி மீனுக்குக் கேடு இல்லை என்றாகாது. கடுமையாகப் பெண்தன்மை அடைந்த ஆண் மீன்களின் இனப்பெருக்க வெற்றி 76 விழுக்காடு வரை குறைந்ததை 2011இலேயே பிரூனல் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். மனிதரைப் பொறுத்தவரை நாம் இனத்தின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு தம்பதியும்தான் நம் கணக்கு.

மனித உடலில் இத்தகைய சோதனை செய்ய அறம் இடம் தராது. அறியாமலே ஒருமுறை அது நடந்துவிட்டது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டாட்ஸ் 1936இல் பிஸ்பீனால் ஏ ஈஸ்ட்ரோஜனைப் போல இயங்குவதைக் கண்டார். 1938இல் அதைவிடப் பன்மடங்கு வலிமையான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலை உருவாக்கினார். இரண்டாவது, கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டது. அவர்களின் மகள்கள் சிலருக்கு இளவயதிலேயே அரிய யோனிப் புற்றுநோய் வந்ததை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தனர். முதலாவது, ஈஸ்ட்ரோஜன் தன்மை தெரிந்த பிறகும், பிளாஸ்டிக்கிலும் டப்பாக்களின் உட்பூச்சிலும் உலகெங்கும் புகுந்தது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் அன்றாட ஏற்பளவை இருபதாயிரம் மடங்கு குறைத்தது. 1936க்கும் 2023க்கும் இடையே பிறந்தவர்கள் எத்தனை பேர்!

குற்றவாளி ஒருவரே என்றாலும் தீர்ப்புக்கு நாளாகிறது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் வானிலிருந்து எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. அங்கே பள்ளிச் சிறுவர்களின் பருவமடைதல் தாமதப்படுவதை அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு 2003இல் வெளியிட்டது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் தடை 2011இல்தான் வந்தது. ஒரே மருந்து, ஒரே வட்டாரம், தெளித்தவர் யார் என்பதும் ஊரறிந்த செய்தி. அப்படியிருந்தும் எட்டு ஆண்டுகள்.

விம்பிள்டனில் அப்படி ஒற்றைக் குற்றவாளி இல்லை. எஃப்ரா சாலைக் கணபதி கோயிலுக்கு வரும் நம்மவர் பலருக்குக் கடையும் பெட்ரோல் நிலையமுமே பிழைப்பு. கல்லாவில் நாள் முழுதும் கை படும் ரசீதுத் தாளின் பூச்சில் பிஸ்பீனால் ஏ இருந்தது. 2020இல் கட்டுப்பாடு வந்ததும் பல தாள்களில் பிஸ்பீனால் எஸ் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் ஹார்மோன் வேலையில் தலையிடுவதே. சட்டத்தின் பட்டியலில் பெயர் மாறியது, விரல் நுனியில் பட்டது ஏறக்குறைய அதே பொருள். அதே ஆளின் உடலில், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் சேர்கின்றன. அவை ஈஸ்ட்ரோஜனாக நடிப்பதில்லை. எலிகளில், கருவிலுள்ள ஆணின் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பையே குறைக்கின்றன. மனிதக் கருவில் ஆணுறுப்புகளின் போக்கு தீர்மானமாவது ஏறத்தாழ 8 முதல் 14 வாரங்களுக்குள் என்று கருதப்படுகிறது. கருவுற்றது உறுதியாகி, மருத்துவரிடம் போய்வருவதற்குள் அதில் ஒரு பகுதி கழிந்துவிடக்கூடும்.

இங்கேதான் லண்டன் மருந்தியல் பள்ளியின் 2002ஆம் ஆண்டுச் சோதனை திருப்புமுனையாகிறது. ஆண்ட்ரியாஸ் கோர்ட்டென்காம்ப் குழுவினர் வலுக்குறைந்த எட்டு ஈஸ்ட்ரோஜன் தன்மைப் பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றும் தனியே விளைவு காட்டாத அளவில் ஒன்றாகக் கலந்தனர். கலவை தெளிவான விளைவைக் காட்டியது. அப்படியானால் ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒவ்வொரு பொருளுக்கும் நாம் எழுதிவைக்கும் எண், மற்றவை எதுவும் இல்லாத உலகத்துக்கான எண். அந்த உலகத்தில் யாரும் வாழவில்லை.

ஆகவே தனிப்பொருள் வரம்பை, கூடவரும் பொருட்களைக் கருதி ஒரு காரணியால் வகுத்துக் குறைக்கும் முறையைப் பிரிட்டன் ஏற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பற்றி 2020 முதல் பேசிவருகிறது. இரசாயன வகைகளை மொத்தமாகத் தடுப்பதும் இதோடு சேர வேண்டும். பிஸ்பீனால் ஒன்றை விலக்கி இன்னொன்றை அனுமதிப்பது கட்டுப்பாடு ஆகாது. செலவு அதிகம் என்பார்கள்; ஆனால் செலவுக்குப் பலன் உண்டு. ஏர் ஆற்றில் நோனைல்ஃபீனால் வெளியேற்றத்தைக் குறைத்தபின் ஆண் மீன்களில் வைட்டலோஜெனின் இறங்கியதை அதே ஆய்வாளர் வட்டம்தான் பதிவு செய்தது. வாயிலில் நிறுத்தினால் உடல் பதில் சொல்கிறது என்பதற்கு அது சான்று. பெடிங்டன் போன்ற நிலையங்களின் உரிமங்களிலும், உயிர்வளித் தேவை, அம்மோனியா ஆகியவற்றோடு, வெளிவரும் நீரின் மொத்த ஈஸ்ட்ரோஜன் செயலையும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஆண்ட்ரோஜன் எதிர்ச் செயலையும் செல் சோதனைகளால் அளந்து எழுதவேண்டும். அதற்கான சோதனை முறைகள் ஆய்வகங்களில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளன.