சிதறிய ஒளியும் என் தவறான பதிலும்



முப்பது வருடங்களுக்கு முன் ஒளியியல் பாடம் நடத்தும்போது, கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், உள்ளங்கையில் டார்ச் அடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வருகிறது. அப்புறம் ஏன் எலும்பு தெரியவில்லை?" ஒளி சதைக்குள் சிதறிவிடுகிறது என்றேன். "சிதறியதைத் திரும்பச் சேர்க்க முடியாதா சார்?" என்றான். "கொட்டிய பாலை அள்ள முடியுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

நான் சொன்னது தவறு. அப்போதே தவறு. 1966-லேயே அமெரிக்காவில் லீத், உபட்னிக்ஸ் இருவரும் ஒளி சிதறடிக்கும் தகட்டின் வழியே ஹோலோகிராம் முறையில் உருவத்தை மீட்டுக் காட்டியிருந்தார்கள். 1990-ல் இஸ்ரேலின் ஐசக் ஃப்ராயிண்ட், சிதறடிக்கும் சுவரையே ஒரு லென்ஸ் போலப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்.

அதைச் செய்து காட்டியவர்கள் நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெல்லகூப்பும் மோஸ்க்கும். வருடம் 2007. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருக்கிறதே டைட்டானியம் டை ஆக்சைடு, அதில் சுமார் 10 மைக்ரோமீட்டர் கனத்தில் ஒரு படலம். அதன்மேல் லேசர் ஒளியை விட்டால் மறுபக்கம் வெறும் புள்ளிக் குழப்பம்தான் தெரியும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு உதாரணம் சொல்கிறேன். காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வேறு வேறு தெருக்களிலிருந்து வருகிறார்கள். தூரத்துப் பிள்ளை முன்னதாகக் கிளம்பினால், மணி அடிக்கும்போது எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். அதே போல லேசர் கற்றையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கட்டத்தையும் கணினியால் மாற்றி, மறுபக்கம் ஒரு புள்ளி எப்போது பிரகாசமாகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். முடிவில் அலைகளெல்லாம் முகடோடு முகடு சேர்ந்தன. அந்தப் புள்ளி, சுற்றியிருந்த மங்கல் வெளிச்சத்தைவிட 1000 மடங்கு வரை பிரகாசித்தது!

2008-ல் அமெரிக்காவில் வேறொரு குழு, ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் முறையில், கோழி இறைச்சித் துண்டின் வழியே உருவத்தை மீட்டது. 2010-ல் பாரிஸில், எந்த வழியாக நுழையும் ஒளி எந்த வழியாக வெளியேறும் என்பதை ஓர் அணியாகவே அளந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் திட்டிக்கொண்டே படித்த அதே அணிதான்!

பெயின்ட் அசையாமல் இருக்கும். உயிருள்ள உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், மில்லிநொடிக் கணக்கில் பாதை மாறிவிடுகிறது. அதற்குள் அளந்து திருத்த வேண்டும் என்பதுதான் இன்றைய போராட்டம்.

ஒளி சிதறும்போது தொலைவதில்லை. கலைந்து போகிறது, அவ்வளவுதான். கலைந்ததை அடுக்கலாம்.

அந்த மாணவன் இதைப் படிக்கிறானா என்று தெரியவில்லை. படித்தால், தம்பி, உன் கேள்வி சரியானது. என் பதில்தான் தவறு. மன்னித்துக்கொள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது சிரித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்