வேலையை விடாமல் குற்றவியல் நீதிப் பட்டம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் குடியேறி வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், பாதியில் விட்ட கல்லூரிப் படிப்பை இணையவழியில் முடிக்க 'கிரிமினல் ஜஸ்டிஸ்' எனும் குற்றவியல் நீதி இளங்கலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரிலிருக்கும் பெற்றோர், "இது போலீஸ் படிப்பா, வக்கீல் படிப்பா?" என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை. காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றும் எப்படி இயங்குகின்றன என்பதைச் சொல்லித்தரும் பொதுப் பட்டம் இது. வக்கீலாக வேண்டுமென்றால் இதற்குப் பிறகு மூன்றாண்டு சட்டக் கல்லூரி தனியாக இருக்கிறது.

1968-ல் வந்த குற்றத்தடுப்புச் சட்டத்தின் கீழ், பணியிலிருந்த காவலர்கள் கல்லூரியில் படிக்க மத்திய அரசு பணம் கொடுத்தது. அதன் பிறகே இந்தத் துறை நாடெங்கும் பரவியது. ஆக, வேலை பார்ப்பவர்களுக்கு இது தொடக்கத்திலிருந்தே பழகிய படிப்புதான். இன்று அரிசோனா ஸ்டேட், பென் ஸ்டேட் போன்ற அரசுசார் பல்கலைக்கழகங்களே இதை இணையவழியில் நடத்துகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். 'ஹையர் லேர்னிங் கமிஷன்', 'மிடில் ஸ்டேட்ஸ் கமிஷன்' போன்ற அமைப்புகள் கல்லூரிகளை ஆய்வு செய்து அங்கீகாரம் தருகின்றன. ஒரு கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அமெரிக்கக் கல்வித்துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரத்தையோ, தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசுபவரையோ நம்ப வேண்டாம். 130-க்கும் மேற்பட்ட வளாகங்களுடன் நடந்த ஐ.டி.டி. டெக் 2016 செப்டம்பரில் திடீரென்று மூடப்பட்டது. அங்கே குற்றவியல் நீதி படித்தவர்களும் இருந்தார்கள். அங்கு வாங்கிய கிரெடிட்டுகளைப் பல கல்லூரிகள் ஏற்கவில்லை. வாங்கிய கடன் மட்டும் தலையில் நின்றது. பிறகு பலருக்கு அரசு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தது என்றாலும், அதற்குள் ஆண்டுகள் பல போய்விட்டன.

அடுத்தது, கையில் ஏற்கெனவே இருப்பது. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட். அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் முடித்த 60 கிரெடிட் வரை பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இந்தியாவில் படித்த ஆண்டுகளை டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்கள் மதிப்பிட்டுத் தரும். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தை போதாது.

பணம்தான் நமக்குப் பெரிய விஷயம். அங்குள்ள மாணவர் கடன் வட்டிக்கடன். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை என்று சொல்லப்படும் வகையிலும், படிப்பு முடிந்தபின் வட்டி ஏறும். இதைத் தவிர்க்க வேலையில் இருப்பவருக்கு நல்ல வழி உண்டு. முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஒரு கிரெடிட் 350 டாலர் என்று வைத்தால் அது 15 கிரெடிட், அதாவது ஐந்து பாடம். மீதி 60 கிரெடிட் நான்கே ஆண்டில் கடனின்றி முடியும். பல நிறுவனங்கள் தேர்ச்சி பெற்ற பிறகே பணம் தரும். சில, அதன்பின் குறிப்பிட்ட காலம் வேலையில் நீடிக்கச் சொல்லும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வருமானம் குறைந்த குடும்பமென்றால் 'பெல்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு, பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் கடன்தான் வழி என்ற நிலை வந்தால், உங்கள் நிலையை முழுமையாகச் சொல்லி ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் சுமார் 135 மணிநேர உழைப்பு வேண்டும். 15 வாரப் பருவத்தில் அது வாரத்துக்கு 9 மணி. எட்டு வாரப் பருவத்தில் 17 மணி. "எட்டே வாரம்" என்று கேட்டு மகிழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மதரஸாவில் ஓதிய பிறகு கலைப் பட்டத்துக்கு இஷாவுக்குப் பின் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். வேலையோடு ஒரு நேரத்தில் ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. புள்ளியியலும் ஆய்வுமுறையும் வரும் பருவத்தில் வேறு பாடம் எதுவும் எடுக்காதீர்கள்.

பட்டம் கிடைத்தால் வேலை உறுதி என்றும் எண்ண வேண்டாம். நியூயார்க் காவல்துறை முன்பு 60 கிரெடிட் கேட்டது. 2025-ல் அதை 24 ஆகக் குறைத்துவிட்டது. காவலராக மட்டும் சேர விரும்புபவருக்கு முழுப் பட்டம் தேவைப்படாமலே போகலாம். ஆனால் மத்திய நன்னடத்தை அதிகாரி, எஃப்.பி.ஐ. சிறப்பு முகவர் போன்ற பணிகளுக்கு இளங்கலை கட்டாயம். எஃப்.பி.ஐ.க்கு அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். பல காவல்துறைகளும் அதைக் கேட்கின்றன. கிரீன் கார்டில் இருக்கும் பிள்ளை, குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையும் பட்டம் முடியும் ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேரட்டும்.