ஆகாயத்தில் ஆட்டம், தரையில் தண்டனை

2020 பிப்ரவரி 13 அன்று 'சூரரைப் போற்று' படத்தின் பாடலொன்றை ஸ்பைஸ்ஜெட் விமானத்தில், நடுவானில் வெளியிட்டார்கள். நூறு பள்ளிப் பிள்ளைகள் உடன் போனார்கள். ஏர் டெக்கான் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய படம், அதனால் விளம்பரமும் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனா எல்லா ஆட்டமும் இப்படி முடிவதில்லை. 2014 மார்ச் 17, ஹோலியன்று இதே நிறுவனத்தின் விமானங்களில் பணிப்பெண்கள் ஆடினார்கள். ஆட்டம் என்னவோ இரண்டரை நிமிஷம்தான். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு விமானிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2016 ஜனவரியில் ஜெட் ஏர்வேஸ் விமானத்தின் ஒலிபெருக்கியில் சோனு நிகம் பாடினார். பணிப்பெண்களுக்கு வேலை நிறுத்திவைப்பு. 2021 மே 23, முழு ஊரடங்குக்கு முந்தின நாள், மதுரையில் ஏறிய கல்யாணக் கோஷ்டி வானத்தில் தாலி கட்டியது. அந்த ஸ்பைஸ்ஜெட் ஊழியர்களையும் பணியிலிருந்து விலக்கினார்கள்.

செங்கல்பட்டு மொட்டைமாடியில் நின்று மீனம்பாக்கம் போகும் விமானங்களைப் பார்க்கும்போது இதைத்தான் யோசிப்பேன். அரசின் பயம் பாட்டைப் பற்றியதல்ல. அதில் நியாயம் இருக்கிறது. நடைபாதையில் கூட்டம் சேர்ந்தால் எடைச் சமநிலை மாறும். ஒலிபெருக்கி அவசர அறிவிப்புக்கானது. பணிப்பெண்ணின் கண் பயணிகள்மேல் இருக்கவேண்டும்.

சரி. ஆனால் ஹோலி ஆட்டம் மாதிரியான யோசனைகள் பிறப்பது விளம்பரத் துறையின் ஏசி அறையில். பேர் நிறுவனத்துக்கு, சம்பள வெட்டு சீருடைக்கு. விதியை எழுதுகிறவர்கள் அந்த அறைக் கதவையும் ஒருதடவை தட்டிப் பார்க்கலாம்.