தியோடலைட்

கிடைக்கோணத்தையும் செங்குத்துக் கோணத்தையும் அளக்கும் நில அளவைக் கருவி. முக்காலிமேல் பொருத்திய தொலைநோக்கி, அது இடவலமாகத் திரும்புவதைக் காட்டும் கிடைவட்டம், மேலும் கீழும் சாய்வதைக் காட்டும் செங்குத்து வட்டம் ஆகியவை முதன்மை உறுப்புகள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் கருவியை நிலையப் புள்ளிக்கு நேர்மேலே நிறுத்தி, ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகுகளைச் சரிசெய்த பிறகே கோணம் எடுப்பர்.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம். அதனால் சங்கிலியால் ஒரே ஒரு அடிக்கோட்டை அளந்துவிட்டு, அதன்மேல் முக்கோணத்துக்கு அடுத்து முக்கோணமாகக் கோணங்களை மட்டும் அளந்து ஒரு நாட்டையே வரைபடமாக்க முடிந்தது.

கோணம் பார்க்கும் கருவிகள் பழமையானவை. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் டயோப்ட்ரா என்ற அத்தகைய கருவியை விளக்கி எழுதியுள்ளார். தியோடலைட் என்ற பெயர், இங்கிலாந்தின் லெனர்டு டிக்ஸ் எழுதி அவர் மகன் தாமஸ் 1571-இல் வெளியிட்ட ‘பான்டோமெட்ரியா’ நூலில் வருகிறது. ஜெர்மானிய வரைபட அறிஞர் வால்ட்ஸீமுல்லரின் பாலிமெட்ரம் என்ற கருவி அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அதை முன்னோடி என்று கொள்வதே பொருத்தம்.

கருவியின் உயிர் வட்டத்தைப் பாகைகளாகப் பிரிப்பதில் இருந்தது. 3 அடி விட்டமுள்ள வட்டத்தில் ஒரு பாகை சுமார் 8 மி.மீ.; ஒரு விகலையோ அதில் 3,600-இல் ஒரு பங்கு, கண்ணுக்கே தென்படாத அளவு. கோட்டில் நேரும் சிறு பிசகு தொலைவில் பெருகும்: ஒரு கலை (60 விகலை) தவறினால் 1 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 29 செ.மீ. விலகும். லண்டன் கருவிச் சிற்பி ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770-களில் அமைத்த பிரிப்புப் பொறியில் 2,160 பற்கள் கொண்ட சக்கரம் இருந்தது. அதை இயக்கும் திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டம் சரியாக 10 கலை நகரும். கைத்தொழில் நுட்பத்தின் உச்சங்களுள் ஒன்று இது. கிரீனிச்சையும் பாரிசையும் முக்கோணங்களால் இணைக்க அளவையாளர் வில்லியம் ராய் கேட்டிருந்த பெரிய தியோடலைட்டை ராம்ஸ்டன் மூன்றாண்டு எடுத்துக்கொண்டு, தாமதமாக 1787-இல் ஒப்படைத்தார். அத்தாமதம் ராயை வெகுண்டெழச் செய்தாலும் கருவி காத்திருப்புக்குத் தகுந்ததாகவே அமைந்தது.

இந்தியாவில் முக்கோண அளவைக்காக அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்தார். வில்லியம் கேரி செய்த அவரது அரை டன் கருவி வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீஷியஸ் போய், பின்னரே சென்னை சேர்ந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியதில் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்திருந்து அதைத் தம் கையாலேயே மீண்டும் வட்டமாக்கினார்; அளவைத் துறை வரலாற்றில் இதற்கு ஈடான பொறுமை அரிது.

இத்தகைய அளவையின் பெரிய முக்கோணங்களில் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றே தாண்டும். புவி உருண்டையாக இருப்பதே காரணம். ஏறத்தாழ 200 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு விகலை வீதம் இம்மிகை கூடும்.

இன்று தியோடலைட்டின் இடத்தில் பெரும்பாலும் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணுக் கருவியும் செயற்கைக்கோள் அளவையும் பயன்படுகின்றன.