"தெரியாது" என்று சொல்லும் உரிமை

கணினியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்களைப் பற்றி, வெளிநாட்டில் வாழும் நண்பர் ஒருவருடன் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரே பெட்டகத்துக்கு இரண்டு திறவுச்சொற்கள் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஒன்றைக் கொடுத்தால் சாதாரண விடயங்கள் மட்டும் திறக்கும். மற்றதைக் கொடுத்தால்தான் உண்மையான இரகசியங்கள் தெரியவரும். யாராவது வற்புறுத்தினால் முதலாவதைச் சொல்லிவிட்டு, "இவ்வளவுதான் என்னிடம் உண்டு" என்று கையை விரித்துவிடலாம். அவர் சொல்லி முடித்தபோது என் நினைவுக்கு வந்தது கணினி அல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.

நம்பத்தக்க விதத்தில் மறுப்பதற்கு முன்கூட்டியே இடம் வைத்துக்கொள்ளும் இந்தக் கலையை வளர்த்தவை அரசுகள். 1948 ஜூன் 18 இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புச் சபை பிறப்பித்த உத்தரவு ஒன்று, மறைமுக நடவடிக்கைகள் வெளிப்பட்டாலும் அரசு தன் பொறுப்பை நம்பும்படியாக மறுக்கக்கூடியவாறு அவை திட்டமிடப்பட வேண்டும் என்றது. வாஷிங்டன் அதை எழுதி வைத்தது. மற்றவர்கள் எழுதாமலே பழகிக்கொண்டனர்.

1983 ஜூன் 3 இல் இலங்கையில் அவசரகால ஒழுங்குவிதி 15ஏ நடைமுறைக்கு வந்தது. மரண விசாரணை இன்றியே சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது படையினருக்கு இடமளித்தது. விசாரணை இல்லையேல் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் மறுப்பது எளிது. ஐம்பது நாட்கள் கழித்து, ஜூலை 23 இரவு, திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிலும் அயலிலும் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். படையினரின் மரணச் செய்தி நாடெங்கும் பரவி, கறுப்பு ஜூலைக்குத் தீயூட்டியது. பொதுமக்களின் மரணச் செய்தியோ தணிக்கைக்குள் அமிழ்ந்தது. பல நாட்களுக்குப் பின்னரே அரசு அதை ஒப்புக்கொண்டது.

இக்கலை அரசுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம, சைக்கிளில் வீடு திரும்புகையில் அதே திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். "முறிந்த பனை" நூலை எழுதிய நால்வரில் ஒருவர் அவர். ஊரில் அப்போது ஆயுதம் தரித்தோர் பலர். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக்காட்ட வசதி இருந்தது. அவருடன் பணியாற்றியோர் புலிகளையே பொறுப்பாளிகளாகக் கண்டனர். கொலைக்கு எவரும் உரிமை கோரவில்லை, எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

இவர்களுக்கு நடுவே வாழ்ந்த சாதாரண மனிதனுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல உரிமை இருந்ததா? 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியது. ஏழாண்டு வரை சிறை. 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் சான்றாகும்; அது பலவந்தமாகப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையது. சுற்றிவளைப்பு நாட்களிலோ சட்டமும் தேவைப்படவில்லை. சாக்கினால் முகம் மூடிய "தலையாட்டி" தலையை ஒருமுறை அசைத்தால் போதும். அவன் முன்னால் எந்த மறுப்பும் எடுபடவில்லை. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் கடிதங்களும் புகைப்படங்களும் அடுப்புக்குள் போயின.

நண்பர் விரும்பிய மென்பொருள் புதியதல்ல. 1997 அளவில் ஜூலியன் அசாஞ்சும் அவருடன் சேர்ந்தோரும், சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய மனித உரிமைப் பணியாளர்களை மனதில் வைத்து "ரப்பர்ஹோஸ்" என்ற ஒன்றை உருவாக்கினர். அடிக்கப் பயன்படும் இறப்பர்க் குழாயே அப்பெயர். 2004 இல் வந்து 2014 இல் கைவிடப்பட்ட "ட்ரூகிரிப்ட்" இதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. பெட்டகத்தின் வெற்றிடம் பொருளற்ற எழுத்துக்களால் நிரப்பப்படும். மறைத்த இரகசியமும் அதைப் போலவே தோற்றமளிக்கும். இரண்டையும் எவராலும் வேறுபிரித்தறிய முடியாது.

அதன் பலமும் அதுவே, ஆபத்தும் அதுவே. இரண்டாவது திறவுச்சொல் இருக்கக்கூடும் என்பதை விசாரிப்பவனும் அறிவான். முதலாவதைக் கொடுத்ததும் அவன் நிறுத்தமாட்டான். ஒன்றையும் மறைக்காதவன் கூட, மறைக்கவில்லை என்பதை நிரூபிக்க வழியில்லை. யாழ்ப்பாணத்துத் தடுப்பு முகாம்களில் எத்தனை பேர் இந்த நிலையில் இருந்தனர் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2017 இல் "ஒன்பாஸ்வேர்ட்" நிறுவனம் வேறொரு வழியைத் தந்தது. எல்லையைக் கடக்குமுன், தேவையற்ற பெட்டகங்களைக் கருவியிலிருந்தே அகற்றிவிடலாம். பொய் சொல்லவேண்டியதில்லை, கையில் இல்லாததை எவரும் பறிக்கவும் முடியாது. அடுப்புக்குள் கடிதத்தைப் போட்ட நம் தாய்மார் கண்டதும் இதையே. ஒரு வேறுபாடு: மென்பொருள் அகற்றியதை ஊர் போய்ச் சேர்ந்ததும் மீட்கலாம். எரித்த படங்களை மீட்க முடியவில்லை.

நண்பரிடம் ஒன்றைத்தான் சொன்னேன். மறுப்பு என்பது அதிகாரம் உள்ளவனுக்குக் கேடயம். அதிகாரம் அற்றவனுக்கு அது வெறும் சொல். அந்தச் சொல்லுக்கு மதிப்பைத் தருவது மென்பொருள் அல்ல. விசாரிப்பவனின் கையைக் கட்டிவைக்கும் சட்டம்.