ஓடும் நீர் முதல் நகரும் உயிரணு வரை

வலிய காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள் குறிப்பிட்ட வானொலி அலையை ஏற்றுத் திருப்பித் தரும் இயல்பாகிய காந்த ஒத்ததிர்வு 1946இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ஐந்தே ஆண்டுகளில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூர்யன், ஓடும் திரவம் தரும் சமிக்ஞை தேங்கிய திரவம் தருவதிலிருந்து மாறுபடுவதைக் காட்டினார். நோயறி படங்களின் வரலாற்றில் இப்பெயர் அரிதாகவே நினைக்கப்படுவது நியாயமன்று. 1959இல் ஜெ. ஆர். சிங்கர் எலியின் வாலில் குருதியோட்டத்தை இம்முறையால் அளந்தார். 1973இல் லாட்டர்பர் என்னும் ஆய்வாளர் காந்த ஒத்ததிர்வால் பெற்ற முதல் படத்தை வெளியிட்டார்.

இப்படங்களில் உடலுக்குள் நகரும் உயிரணுக்களைத் தனியே தொடர, அவற்றுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதைத் தந்தவை இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள். கோவில்பட்டிக் கரிசலின் கருமைக்கும் ஒரு காரணமாக மண்ணியலார் சுட்டும் மாக்னடைட்டின் இனத்தைச் சேர்ந்த இவற்றை விழுங்கிய உயிரணுக்கள், சுற்றிலுமுள்ள காந்தப்புலத்தைக் குலைத்து, படத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள், தோல் புற்றுநோயாளர் எண்மருக்கு நோயெதிர்ப்பு உயிரணுக்களை இவ்வாறு அடையாளமிட்டு நிணநீர்க் கணுக்களில் செலுத்தியபோது, நால்வருக்கு ஊசி இலக்குத் தவறியிருந்ததைப் படமே காட்டிக்கொடுத்தது. ஆயினும் அடையாளமிடப் பயன்பட்ட அந்த நுண்துகள் மருந்து சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.