விரிசல் விட்ட வார்ப்பிரும்பு – டீசல் அம்பாசிடரும் வாசல் மெக்கானிக்கும்

வத்தலக்குண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொடைக்கானல் மலைச்சாலை ஆரம்பிக்கிறது. சுமார் ஐம்பது கிலோமீட்டருக்குள் 1,700 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். பவர் ஸ்டீயரிங், டர்போ எல்லாம் உள்ள இன்றைய கார்கள் இதை அலட்டிக் கொள்ளாமல் ஏறிவிடுகின்றன. ஆனால் 1980களில் திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்ற டீசல் அம்பாசிடருக்கு இது பெரிய சோதனை. 1,489 சி.சி. எஞ்சின், 40 குதிரைத் திறனைக்கூட எட்டாத சக்தி, உள்ளே ஆறேழு பேர், மேலே கேரியரில் மூட்டைகள்! இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும்.

மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள்ளிருந்து "டிக்... டிக்... டிக்..." என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓடியதும் சத்தம் தானாக நின்றுவிடும். அனுபவம் இல்லாதவர் "சரியாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார். அனுபவம் உள்ள டிரைவர் தலையில் கை வைப்பார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சின்ன விரிசலுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. உதிரி பாகம் கிடைக்காத ஒரு நாடு, கிடைத்ததை வைத்து எப்படி வண்டி ஓட்டியது என்ற வரலாறு அது.

மேனிஃபோல்டு என்றால் என்ன?

எஞ்சினில் எரிந்து முடிந்த புகை ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் தனித்தனி வாய் வழியாக வெளியே வருகிறது. அந்த வாய்களை ஒன்று சேர்த்து, ஒரே குழாயாக சைலன்சருக்கு அனுப்பும் பாகம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கை விரல்கள் மணிக்கட்டில் சேர்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளில் இது வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு விலை குறைவு, சூட்டைத் தாங்கும், எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் அதற்குள் கரி (கார்பன்) மெல்லிய செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. அதனால் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும்.

மலை ஏறும்போது மேனிஃபோல்டின் சூடு 500 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகலாம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.011 மில்லிமீட்டர் அளவு நீளும். அப்படியானால் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறும்போது 2 மில்லிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். ஆனால் அது போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது தண்ணீரால் குளிர்விக்கப்படும் சிலிண்டர் ஹெட்டில். ஹெட் அந்த அளவுக்கு நீளாது. நீள முடியாத இரும்பு உள்ளுக்குள்ளேயே நசுங்குகிறது.

பிறகு மலை இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியதில்லை. எஞ்சின் வழியாக வெறும் காற்றுதான் போகிறது. மேனிஃபோல்டு குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஏற்கெனவே நசுங்கி நீளம் குறைந்த இரும்பை இப்போது போல்ட்டுகள் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கின்றன. வார்ப்பிரும்புக்குத் தாங்காதது இந்த இழுவைதான். அதாவது வண்டி கஷ்டப்படுவது ஏற்றத்தில், ஆனால் விரிசல் விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்! காலையில் கேட்கும் சத்தம் சூடேறியதும் நிற்பதற்கும் இதுவே காரணம். இரும்பு விரிந்து விரிசலைத் தானே மூடிக்கொள்கிறது.

பழனி ரோட்டில் தொடங்கிய கதை

இந்தப் பகுதியில் மோட்டார் வண்டியும் வண்டி பழுதுபார்ப்பும் ஒன்றாகவே பிறந்தன என்று சொல்லலாம். 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். பழனி அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது, 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது இங்கே வந்தது. அவரே டிரைவர், அவரே மெக்கானிக். இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டிப் பார்த்துக் கற்றவர் அவர். அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யூ.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

அருகில் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் வளர்ந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. டி.வி.எஸ். 'கேஸ் பிளான்ட்' தயாரித்தது. அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவி அது. தேய்ந்த டயருக்கு மேல் புதிய ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலையும் தொடங்கியது. இல்லாததற்காக அழாமல், இருப்பதை வைத்து ஓட்டும் வித்தை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. உள்நாட்டிலேயே தயாரிக்காமல் வெளியிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று அரசு 1953இல் முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போயின. கம்பெனிகள் போய்விட்டன, அவர்கள் விற்ற செவர்லேக்களும் ஃபோர்டுகளும் போகவில்லையே! அவற்றுக்கு உதிரி பாகம் எங்கே போய் வாங்குவது? 1957 வாக்கில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக் கட்டுப்பாடு மேலும் கடுமையானது. உடைந்த பாகத்தை மாற்றுவது என்ற பேச்சே பல ஊர்களில் இல்லை. ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வார்ப்பிரும்பை ஒட்ட முடியுமா?

முடியாது என்றுதான் நீண்ட காலம் பொறியாளர்களே நினைத்தார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு போர். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது. ஆனால் ஜெர்மன் மாலுமிகள் அதற்கு முன்பே எஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்த்து மாட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கக் கடற்படையினர் உடைந்த இடங்களை மின் வெல்டிங்கால் ஒட்டி, 1917 முடிவதற்குள்ளாகவே பெரும்பாலான கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள்!

இந்தியாவில் கேஸ் வெல்டிங் 1930களில் வேரூன்றத் தொடங்கியது. 1935இல் இந்தியன் ஆக்ஸிஜன் அண்ட் அசெட்டிலின் கம்பெனி தொடங்கப்பட்டது. சிறிய பட்டறைகள் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு அசெட்டிலின் வாயுவைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டன. கொஞ்சம் கவனம் பிசகினாலும் வெடித்துவிடும் ஆபத்தான வேலை அது.

டீசல் அம்பாசிடர் வருகிறது

1957இல் வெளிவந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுபிறவி. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. 1970களின் கடைசியில் அதற்கு டீசல் எஞ்சின் வந்தது. பெட்ரோலைவிட டீசல் மலிவு, மைலேஜும் கூடுதல். டாக்ஸி ஓட்டுபவர்கள் டீசலுக்கு மாறியதில் ஆச்சரியம் இல்லை.

டாக்ஸிக்காரருக்கு வண்டி என்பது முதலீடு. நின்றால் நஷ்டம். ஏப்ரல், மே கொடைக்கானல் சீசனில் நான்கு நாள் வண்டி நின்றால் அந்த வருடக் கணக்கே மாறிப் போகும். பாகம் வெளியூரிலிருந்து வரும்வரை தவணைக்காரர் காத்திருக்க மாட்டார். அதனால் மேனிஃபோல்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டு வாசலிலேயே நடந்தது, வெல்டிங்குக்கு மட்டும் பட்டறை.

வேலை நடந்த விதம்

முதல் எதிரி துருப்பிடித்த நட்டுகள். இரவே மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, காலையில் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும், ஒரு வேலை மூன்று வேலையாகிவிடும்.

அடுத்து விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைப் பூசுவார்கள். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் கொஞ்ச நேரத்தில் கசிந்து வெள்ளையின் மீது ஒரு கோடு வரையும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட விரிசல் எப்போதும் நீளமாகவே இருக்கும்.

அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போடுவார்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாமல் தடுக்க இது. பிறகு உளியாலும் அரத்தாலும் விரிசலை 'வி' வடிவத்தில் அகலப்படுத்த வேண்டும்.

இனி பட்டறை. பாகம் கோணிப் போகாமல் இருக்க, பழைய ஹெட் ஒன்றில் அதை முறுக்கி வைப்பது நல்ல முறை. கேஸ் வெல்டிங் என்றால் கரி நெருப்பில் முழுப் பாகத்தையும் சிவக்கச் சூடாக்கி, வார்ப்பிரும்புக் கம்பியையே உருக்கி நிரப்புவார்கள். மின் வெல்டிங் என்றால் நிக்கல் ராடு வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டக் கூடாது. ஓர் அங்குலம் ஓட்டி, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறவிட்டு, வேறு பக்கத்தில் அடுத்த அங்குலம்.

கடைசியில் பாகத்தைச் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து இரவு முழுக்க விட வேண்டும். பொறுமை இல்லாமல் தண்ணீரில் போட்டால் "டக்" என்ற சத்தத்தோடு வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல்! வேகமாகக் குளிர்ந்தால் இரும்பு கண்ணாடி போலக் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைந்துவிடுகிறது.

பிறகு ஹெட்டோடு சேரும் முகங்களைச் சமப்படுத்த வேண்டும். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, மேடான இடத்தை அரத்தால் ராவி, மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊர் திண்டுக்கல். அரம் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை.

புதிய கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்டுகளை முறுக்கி, ஒருமுறை சூடாகி ஆறியதும் மீண்டும் முறுக்கினால் வேலை முடிந்தது.

மறைந்திருந்த விலை

இந்த வித்தையைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கால கேஸ்கெட்டுகளிலும் கயிறுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதைச் சுரண்டும்போது பறக்கும் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. விரிசல் வழியாகக் கசியும் புகை காருக்குள்ளும் வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல் வேலை செய்த அந்த மெக்கானிக்குகளின் உடம்பு கொடுத்த விலை எந்தப் பில்லிலும் எழுதப்படவில்லை.

கணக்கு மாறியது

1990களுக்குப் பிறகு உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. கூலியும் உயர்ந்தது. பாகம் அரிது, உழைப்பு மலிவு என்ற நிலை தலைகீழானது. ஒரு நாள் முழுக்க இருவர் உழைத்து ஒட்டுவதைவிடப் புதிது வாங்குவதே லாபம் என்று ஆனது.

தொழில்நுட்பமும் மாறியது. பழைய அம்பாசிடரில் டர்போ கிடையாது. வெல்டிங் துணுக்கு ஒன்று உதிர்ந்தாலும் சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்றைய டீசல் கார்களில் மேனிஃபோல்டை அடுத்து அதிவேகமாகச் சுழலும் டர்போ இருக்கிறது. அதே துணுக்கு அதன் இறக்கைகளை நாசமாக்கிவிடும். வாசலில் செய்யும் ஒட்டுவேலையை இன்றைய எஞ்சின் மன்னிக்காது.

2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே கைவிட்டது.

வாசலில் மேனிஃபோல்டு கழற்றிய தலைமுறையைக் கஞ்சர்கள் என்று நினைப்பது தவறு. பற்றாக்குறை அவர்களுக்கு வைத்த பரீட்சையில் அவர்கள் பாஸானார்கள் என்பதே உண்மை. அந்தப் பற்றாக்குறை திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு பாகம் உடைந்தால் "எங்கே கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் "ஏன் உடைந்தது?" என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. கடைகளில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் முதலில் தொலைந்து போவது அந்தக் கேள்விதான்.